எந்தப் பக்கத்துச் சன்னல்?

 

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கடிதமே இம்மாதப் பகுதிக்குக் காரணமாயிற்று. வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய மகன், பெற்றோர் இருவரையும் உம்ராவுக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு செய்திருக்கிறார். திருச்சியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஜித்தா எனப் பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. இருக்கையைக் குறிக்கும் நேரத்தில் மகன் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, சன்னல் ஓரம் வேண்டுமா? அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். எந்தப் பக்கம் போடட்டும்?" என்று கேட்டிருக்கிறார். அருகிலிருந்த அத்தாவோ, "உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு வேடிக்கை எதற்கு? திக்ரு செய்துகொண்டு போனால் போதும். சன்னலுக்குக் காசு கொடுப்பது வீண்விரயம்" என்று சொல்லிவிட்டாராம். சகோதரி கடிதத்தை இப்படி முடித்திருக்கிறார்: "நான் பிறந்து, வாழ்க்கைப்பட்டு, பிள்ளை பெற்ற இந்த மண்ணை ஒரு தடவை மேலேயிருந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. அது தவறா? தவறில்லை என்றால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?"

இரண்டு கேள்விகள். முதலாவதற்கு முதலில் விடை கூறிவிடுவோம்.

வீண்விரயத்தைக் கண்டிப்பதில் நம் மார்க்கம் எவ்வளவு உறுதியானது என்பதை அந்தப் பெரியவர் நன்கறிந்திருக்கிறார். அவருடைய அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒரு செலவு வீணா இல்லையா என்பதை அதன் தொகை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனால் என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். திருக்குர்ஆனின் 88ஆம் அத்தியாயமாகிய அல்காஷியா, ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் உற்றுநோக்கும்படி மனிதனைத் தூண்டுகிறது. அந்த நான்கில் மூன்றை ஒரே இருக்கையில் அமர்ந்தபடி பார்க்கும் வாய்ப்பு நம் முன்னோருக்குக் கிட்டாதது. திக்ரு செய்யும் நாவும் பார்க்கும் கண்ணும் ஒன்றுக்கொன்று இடையூறல்ல. ஆயுளில் ஒரு முறை பறக்கப்போகும் ஒரு தாய்க்காக மகன் சில நூறு ரூபாய் கட்டுவதை நாம் வீண்விரயம் என்று சொல்லமாட்டோம். சன்னலைப் பணம் கொடுத்து வாங்கி, ஏறியதும் திரையை இழுத்து மூடிக்கொண்டு, இறங்கும்வரை உறங்குகிறார்களே, அதை வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை ஏறியபின் அரபு நாடுகளில் வேலைகள் பெருகின. அன்று முதல் லப்பைக்குடிக்காடு உள்ளிட்ட நம் பகுதி ஊர்களிலிருந்து ஆண்கள் பறந்துகொண்டே இருக்கிறார்கள். கணவர் பறந்தார், பிறகு மகன் பறந்தான், இப்போது பேரனும் பறக்கிறான். வாசற்படியில் நின்று துஆச் செய்து அனுப்பிவைத்த பெண்மக்களில் எத்தனை பேர் அந்த வானத்தைப் பார்த்திருக்கிறார்கள்? சன்னலோர இருக்கையில் ஒரு குடும்பத்தில் யாருக்கு முதல் உரிமை என்று எம்மைக் கேட்டால், வீட்டில் காத்திருந்தவருக்கே என்போம்.

இனி, எந்தப் பக்கம் என்பதற்கு வருவோம்.

இதற்கு முதலில் எழுத்துக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருக்கை எண்ணில் இலக்கம் வரிசையைக் குறிக்கும். எழுத்து இடத்தைக் குறிக்கும். விமானத்தின் மூக்கை நோக்கி அமர்ந்திருக்கையில் 'ஏ' எப்போதும் இடக்கைப் பக்கத்துச் சன்னல். பக்கத்திற்கு மூவராக அமரும் விமானங்களில் வலப்பக்கத்துச் சன்னல் 'எஃப்'. பெரிய விமானங்களில் கடைசி எழுத்து 'கே' ஆகவோ 'எல்' ஆகவோ இருக்கும். முதலெழுத்து இடம், கடைசியெழுத்து வலம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

திருச்சியிலிருந்து சென்னைக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு வரைந்து பாருங்கள். அது வடகிழக்காகச் சென்று, பெரம்பலூர் நகருக்கும் அரியலூர் நகருக்கும் ஏறத்தாழ நடுவே போகும். பெரம்பலூர் கோட்டுக்கு இடப்பக்கம், அரியலூர் வலப்பக்கம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவு. ஒரே மாவட்டமாக இருந்து பிரிந்த இரண்டையும் அந்தக் கோடு இரு சன்னல்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதுபோல் இருக்கிறது. விமானம் அளவுகோல் வைத்தாற்போல் அந்தக் கோட்டிலேயே செல்லும் என்பதில்லை. காற்று, கட்டுப்பாட்டு அறையின் உத்தரவு, மழைமேகம் இவற்றுக்கேற்பச் சற்று விலகும். ஆயினும் பக்கம் மாறுவது அரிது. ஆகவே சகோதரிக்கு எம் விடை: திருச்சியிலிருந்து சென்னை செல்லும்போது வலப்பக்கம், 'எஃப்'.

எப்போது பார்ப்பது? புறப்பட்டு ஏறக்குறைய பத்தாவது நிமிடம். அதற்குமுன் திருச்சியே ஒரு காட்சி. திருச்சி விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. நகரமோ அதற்கு வடக்கே உள்ளது. விமானம் காற்றை எதிர்த்தே மேலெழும் என்பதால், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்கு நோக்கிக் கிளம்பி வலப்பக்கம் திரும்பும். அப்போது மலைக்கோட்டை, காவிரி, கொள்ளிடம், அவ்விரண்டுக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கம் ஆகியவை வலப்பக்கத்திற்கே கிடைக்கும். வடகிழக்குக் காற்றின் மாதங்களில் கிழக்கு நோக்கிக் கிளம்பினால் இந்தக் காட்சி இடப்பக்கத்தாருக்குப் போய்விடும். 'எஃப்' இருக்கையினர் கொள்ளிடத்தைக் கடக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். விமானம் திரும்பும்போது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துச் சன்னலில் நிலம் முழுதும் தெரியும். மறுபக்கத்தில் வெறும் வானம்தான். முதன்முறை பறப்பவர்கள் இந்தச் சாய்வைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மிதிவண்டியில் வளைவில் சாய்கிறோமே, அதே நியாயம்தான்.

கொள்ளிடத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் அரியலூர் மாவட்டம் விரியும். வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் ஓர் அகன்ற நீர்ப்பரப்பு மின்னும். அது கரைவெட்டி ஏரியாக இருக்கலாம். வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் அந்த ஏரி 2024ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன்பின் வெண்மையும் சாம்பலும் கலந்த பெரும் பள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்படத் தொடங்கும். படிக்கட்டுபோல் வெட்டிய சுவர்கள், அவற்றில் வளைந்திறங்கும் லாரிப் பாதைகள், கைவிட்ட குழிகளில் மழைநீர் தேங்கி உண்டான பச்சைநிறக் குளங்கள், அங்கங்கே ஆலைகளின் உயர்ந்த புகைபோக்கிகள். இவைதான் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். தமிழ்நாட்டின் சிமெண்டுத் தேவையில் பெரும்பங்கை இந்தப் பூமி சுமக்கிறது. கல்லங்குறிச்சி அந்தச் சுரங்கங்களின் நடுவே இருக்கும் ஊர்.

சகோதரி எதிர்பார்த்திருக்கும் ஊர் இதுவாக இருக்காது. தரையில் நடப்பவருக்கு ஒரு வேலி, ஒரு மண்மேடு, புழுதி கிளப்பும் லாரிகளின் வரிசை ஆகியவையே சுரங்கம். எவ்வளவு நிலம் வயலாக இருந்து பள்ளமாயிற்று என்பது மேலிருந்து பார்ப்பவருக்கே ஒரே பார்வையில் விளங்கும். கம்பும் சோளமும் விளைந்த தம் பாட்டன் நிலம் எந்தக் குழிக்குள் போயிற்று என்று தேடுகிற கண்கள் நம் பகுதியில் நிறைய உண்டு. நம் வீடுகளின் சுவர்களும் பள்ளிவாசல்களின் மினாராக்களும் அந்தக் குழியிலிருந்து எழுந்தவையே என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பார்க்கட்டும்.

அந்தக் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலவியல் அறிஞர்கள் அரியலூர்ப் பாறைத் தொகுதியின் ஓர் அடுக்குக்குக் கல்லங்குறிச்சியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதே இன்று ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல். 1860களிலேயே பிளான்ஃபோர்டு முதலிய ஆங்கிலேய நிலவியலாளர்கள் இப்பகுதியில் அலைந்து ஆராய்ந்தார்கள். ஆக, கல்லங்குறிச்சியை வானிலிருந்து நோக்குபவர் ஒரு பழைய கடலின் அடித்தளத்தை நோக்குகிறார்.

இடப்பக்கத்தில் அமர்ந்தவர் ஏமாந்துபோனார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குப் பெரம்பலூரும் அதற்கப்பால் பச்சைமலையும் கிடைக்கும். வேறொரு சிறப்பும் அந்தப் பக்கத்திற்கு உண்டு. நம் பகுதியில் கிப்லா, மேற்கிலிருந்து ஏறக்குறைய 21 பாகை வடக்கே சாய்ந்தது. வடகிழக்காகப் பறக்கும் இந்த விமானத்தில் அது அநேகமாக நேர் இடப்பக்கத்தில் அமைகிறது. இடப்பக்கத்துச் சன்னலுக்கு வெளியே பார்ப்பவர், அறிந்தோ அறியாமலோ, கிப்லாவைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார். அத்தா அவர்களுக்கு 'ஏ' இருக்கையை வாங்கிக் கொடுத்தால் வழக்கு இனிதே முடியும்!

வேளையையும் கவனிக்க வேண்டும். காலை விமானமானால் சூரியன் வலப்பக்கம் இருக்கும். முகத்தில் வெயில் அடிக்கும். ஆனால் ஏரி குளங்கள் கண்ணாடித் துண்டுகளாகப் பளிச்சிடுவது சூரியன் உள்ள பக்கத்தில்தான். மறுபக்கத்தில் வயலின் பச்சையும் மண்ணின் சிவப்பும் தெளிவாகத் தெரியும். புகைப்படம் எடுப்போர் அதையே விரும்புவர். மாலையில் இது தலைகீழாகிவிடும். மேகத்தின்மேல் பறக்கும்போது சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் அமர்ந்தவருக்கு மற்றொரு காட்சி உண்டு: மேகப்பரப்பில் விமானத்தின் நிழல் ஓடிவரும், சில வேளைகளில் அந்நிழலைச் சுற்றி வானவில்லின் நிறங்களில் ஒரு வட்டம் தோன்றும். குழந்தைகளை அருகில் அழைத்துக் காட்ட வேண்டிய காட்சி அது.

பக்கத்தைச் சரியாகத் தேர்ந்தபின் வரிசையில் ஏமாறுவோரே அதிகம். இறக்கை உடலின் அடிப்பாகத்தில் பொருந்திய விமானங்களில் நடுவரிசைகளில் அமர்ந்தால் கண்ணுக்குத் தெரிவது இறக்கை மட்டுமே. முப்பது வரிசை கொண்ட விமானத்தில் ஏறக்குறைய 10 முதல் 20 வரை இவ்வாறு மறையும். அதற்குப் பின்னால் நிலம் தெரியும். ஆனால் இயந்திரத்தின் வெப்பக்காற்று ஓடுவதால் அடுப்பின்மேல் பார்ப்பதுபோல் காட்சி நடுங்கும். இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகளே சிறந்தவை. விசிறி சுழலும் ஏடிஆர் போன்ற சிறு விமானங்களில் இறக்கை கூரையோடு ஒட்டியிருக்கும். அவற்றில் எங்கே அமர்ந்தாலும் கீழ்ப்பார்வை பெரும்பாலும் தடைபடாது. திருச்சி சென்னை போன்ற குறுகிய தூரங்களில் அத்தகைய விமானம் வாய்த்தால் மகிழுங்கள். தாழ்வாகவும் மெதுவாகவும் பறப்பதால் நிலம் நன்றாகத் தெரியும். மற்றொரு விந்தை: சில விமானங்களில் ஒன்றிரண்டு வரிசைகளில் 'சன்னல் ஓரம்' என்று பெயரே தவிர, சன்னலே இராது. குளிர்காற்றுக் குழாய் அந்த இடத்தில் சுவருக்குள் ஏறுவதால் அங்கே துளை வைக்கமாட்டார்கள். பணம் கட்டுமுன் பயணச்சீட்டு முகவரிடம் இதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

சன்னல் ஏன் இவ்வளவு சிறியது, ஏன் மூலை மழுங்கியது என்று சிறுவர்கள் கேட்பார்கள். 1954ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் 'காமெட்' என்னும் பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் இரண்டு இத்தாலியை ஒட்டிய கடலில் சிதறி விழுந்தன. மேலேறும்போதும் இறங்கும்போதும் மாறும் காற்றழுத்தத்தால் உலோகம் களைத்துப்போய், சதுரத் திறப்புகளின் மூலைகளில் விரிசல் கண்டது ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. அதன்பின் சன்னல்கள் வட்டமூலை பெற்றன. இன்றைய சன்னலின் அடிப்பகுதியில் ஊசித்துளை போன்ற ஓர் ஓட்டை காணப்படும். உடைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். கண்ணாடி அடுக்குகளுக்கிடையே அழுத்தத்தைச் சமன்செய்து, பனிமூட்டம் படியாமல் காப்பதற்காக அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

அடுத்து, சென்னையிலிருந்து ஜித்தா. சென்னையிலிருந்து கிப்லாவின் திசையும் ஜித்தாவின் திசையும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே நேர்வழியில் செல்லும் விமானத்தின் மூக்கு, புறப்பட்டது முதல் அநேகமாக கிப்லாவையே நோக்கியிருக்கும். இருக்கையில் அமர்ந்த நிலையிலேயே தொழ நேரும் முதியோருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! வழி சற்று வளைந்தாலும் முன்னிருக்கையின் திரையில் தெரியும் வரைபடத்தைப் பார்த்துத் திசையை அறிந்துகொள்ளலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து அரபிக்கடல் வந்தபின் நெடுநேரம் நீலம் மட்டுமே. அப்போது உறங்கலாம், குற்றமில்லை. ஓமான் கரையேறியதும் விழித்துக்கொள்ளுங்கள். ரப்உல் காலி என்னும் பாலைவனம், ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்கு, மணல்மேடுகள் உழுத சால்போல் வரிவரியாகக் கிடக்கும். பகல் விமானமானால் இரு பக்கமும் அதுவே. சூரியன் சரிந்திருக்கும் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மேட்டின் நிழலும் நீண்டு விழுவதால் காட்சி எடுப்பாக இருக்கும். உச்சிவேளையில் எல்லாம் தட்டையாகிவிடும். ஒட்டகம் ஏறி அந்த மண்ணைக் கடந்து ஹஜ்ஜுக்கு வந்தவர்களை அங்கே நினையாதிருக்க முடியாது.

பாலைவனம் முடிந்து தாயிஃப் பகுதியின் மலைத்தொடர் எழும். அதற்குமுன் இஹ்ராம் உடுத்தி நிய்யத்துச் செய்ய வேண்டிய மீக்காத் எல்லை வந்துவிடும். கிழக்கிலிருந்து வரும் விமானங்கள் பெரும்பாலும் கர்னுல் மனாஸில் எல்லைக்கு நேராகக் கடக்கின்றன. அறிவிப்பு வரும் என்று சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்து தவறவிடாதீர்கள். விமானம் மீக்காத்தைச் சில நொடிகளில் தாண்டிவிடும். சென்னையிலேயே இஹ்ராம் உடையில் ஏறி, அறிவிப்பு வந்ததும் நிய்யத்தும் தல்பியாவும் கூறுவதே காப்பான வழி. கஅபாவை வானிலிருந்து கண்டுவிடலாம் என்ற ஆசையில் இருக்கை தேடுவோரும் உண்டு. அது வேண்டாம். அந்த முதற்பார்வை கால்நடையாகப் போய்ப் பெற வேண்டியது. மக்காவுக்கு வடக்கே கடந்து ஜித்தாவை அணுகும் விமானத்தில் மக்கா இருக்கும் திசை இடப்பக்கம் என்பதை அறிந்து, அப்பக்கம் முகம் திருப்பி ஸலவாத்து ஓதுவோர் ஓதட்டும். ஜித்தாவின் ஓடுபாதைகள் தெற்கு வடக்காக அமைந்தவை. வடக்கு நோக்கி இறங்கினால் செங்கடலும் நகரமும் இடப்பக்கம். தெற்கு நோக்கி இறங்கினால் கடல் வலப்பக்கம். கரையோரத்துப் பவளப்பாறைகளால் அந்தக் கடல்நீர் வெளிறிய பச்சையாகத் தெரியும். மொத்தத்தில் இந்தப் பயணத்திற்கு 'ஏ' ஒரு படி மேல்.

ரமலானில் பறப்போருக்குச் சன்னல் ஒரு வசதி என்பதைவிட ஒரு தேவை என்றே சொல்லலாம். நோன்பு திறப்பது விமானத்திலிருந்து காணும் சூரியன் மறைவதைப் பொறுத்தது. கீழே உள்ள ஊரின் பாங்குநேரத்தைப் பொறுத்ததன்று. 35,000 அடி உயரத்தில் அடிவானம் ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தொலைவுக்கு விரிந்து, 3 பாகை தாழ்ந்துவிடுகிறது. தரையில் மறைந்த சூரியன், அதே இடத்தின் மேலே பறப்பவருக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்போல் தெரிந்துகொண்டிருக்கும். மேற்கு நோக்கிப் பறந்தால் சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறோம். பகல் மேலும் நீளும். கைக்கடிகாரத்தை நம்பிப் பேரீச்சம்பழத்தை வாயில் போடுவோர் ஒரு நொடி சன்னலைப் பார்க்க வேண்டும். அடிவானம் தாழும் இந்தக் கணக்கு நமக்குப் புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் அல்பிரூனி, இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையேறி, அடிவானம் எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தார். அரைப்பாகைக்குச் சற்று அதிகமாக இருந்தது. அந்தச் சிறு கோணத்தைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அவருக்கு ஒரு விமானச் சன்னல் கிடைத்திருந்தால்!

வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரே வரியில் சொல்லலாம். திருச்சியிலிருந்து துபாய், ஷார்ஜா நோக்கி வடமேற்காகப் பறக்கையில் ஆண்டின் எந்த மாதமானாலும் சூரியன் மறைவது மூக்குக்கு இடப்புறம்தான். அதிகாலையில் தென்கிழக்காகத் திரும்பி வரும்போது உதயமும் இடப்புறமே. சுபுஹு நேரம் நெருங்கியதா, சூரியன் எழுந்துவிட்டதா என்று அறிய 'ஏ' இருக்கையினரைக் கேட்டால் போதும்.

சிங்கப்பூர், கோலாலம்பூர் செல்வோர் கிழக்கு தென்கிழக்காகப் பறப்பர். நேர்வழியில் சென்றால் வேதாரண்யத்தின் உப்பளங்களுக்கும் கோடியக்கரைக்கும் அருகே நிலத்தை விட்டுக் கடலேறுவார்கள். வலப்பக்கம் யாழ்ப்பாணத் தீபகற்பம். இடப்பக்கம் தொலைவில் நாகப்பட்டினமும் நாகூரும். இந்தக் கரையைப் பார்க்கும்போது நம் நன்னாமார் சென்ற கப்பல்கள் நினைவுக்கு வரும். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா'வும், அதன்பின் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்கு உள்ளாகும்வரை 'சிதம்பர'மும் தமிழ்க் கரையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மக்களை ஏற்றிச் சென்றன. நாள்கணக்கில் நீண்ட அந்தப் பயணத்தில் மேல்தளத்துப் பயணிக்குச் சன்னல் தேவைப்படவில்லை. வானமும் கடலும் நான்கு பக்கமும் இருந்தன. இன்று நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்கிறோம். அதுவும் பெரும்பாலும் இருட்டில். இரவு விமானத்தில் சன்னலுக்குப் பணம் கொடுப்பதை மட்டும் நாம் பரிந்துரைக்கமாட்டோம். விடியலில் இறங்கும் விமானமானால் அது வேறு.

இருக்கையை இலவசமாகப் பெறவும் வழியுண்டு. நேரத்தோடு விமான நிலையம் சென்று, கவுண்டரில் இருப்பவரிடம் "முதல்முறை பறக்கிறார், இந்தப் பக்கத்தில் சன்னல் ஓரம் இருந்தால் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்டால் பல நேரங்களில் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் உள்ளே சென்று, தனியாக அமர்ந்திருக்கும் இளைஞரிடம் ஒரு முறை கேட்கலாம். அவர் மறுத்தால் மறுமுறை கேட்கக் கூடாது. அது அவர் உரிமை. வயதில் மூத்தவர் என்பதற்காக அவரை எழுப்புவதும், விமானப் பணிப்பெண்ணைத் துணைக்கழைப்பதும் முறையல்ல.

சர்க்கரை நோயுள்ளவர்கள் நடைவழியோர இருக்கையில் அமர்வதே அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நலம். கழிப்பறைக்கோ ஒளுச் செய்யவோ எழும்போது இருவரைத் தாண்ட வேண்டியிராது. குடும்பமாகச் சென்றால் சன்னலோரத்தில் அம்மா, நடுவில் பேரப்பிள்ளை, நடைவழியில் அத்தா என்று அமர்வது பொருத்தம். சன்னலில் இருப்பவர் முதுகைச் சற்றுச் சாய்த்துக்கொண்டால் நடுவிலுள்ளவரும் பார்க்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் சன்னல் திரையைத் திறந்துவைக்கச் சொல்வார்கள். ஆபத்து நேர்ந்தால் வெளியே என்ன நடக்கிறது என்று பணியாளர்கள் காண்பதற்காக அந்த விதி. நமக்கு வேண்டிய காட்சிகளும் அந்தப் பதினைந்து நிமிடங்களில்தான் இருக்கின்றன என்பது கூடுதல் இலாபம்.

கடைசியாகத் திரும்பும் பயணம். சென்னையிலிருந்து திருச்சிக்கு வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். கல்லங்குறிச்சி இப்போது 'ஏ' பக்கம். ஆனால் திருச்சியில் மேற்கு நோக்கி இறங்கும் நாளில் மலைக்கோட்டையும் இரு ஆறுகளும் 'எஃப்' பக்கம் போய்விடும். இரண்டில் எது வேண்டும் என்பதைச் சகோதரியே தீர்மானித்து, மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.